மீட்டர் சிமிட்டலில் ஒரு பல்பு பரீட்சை

வீட்டு மின்மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரில் அதன் அருகே 3200 என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது, 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். எந்தப் பல்பு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பார்க்க இதைவிட எளிய கருவி வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் முதல் வைஃபை வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, கைபேசியில் நேரம் குறித்தேன்.

60 வாட் குண்டு பல்பு: 19 வினாடிக்கு ஒரு சிமிட்டல்.
பழைய டியூப் லைட்: 23 வினாடி.
20 வாட் எல்.இ.டி. டியூப்: 56 வினாடி.
15 வாட் சி.எஃப்.எல்.: 75 வினாடி.
9 வாட் எல்.இ.டி. பல்பு: 125 வினாடி.

தினம் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாத பில்லில் குண்டு பல்புக்கு 18 யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி.க்கு 3 யூனிட்கூட ஆகாது. வெளிச்சமோ எல்.இ.டி.யில்தான் அதிகம்: குண்டு பல்பு சுமார் 700 லூமன், இது 900. டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்துதான் ஒளி தரும் என்பதால், குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது.

என்னை யோசிக்க வைத்தது டியூப் லைட்தான். குழாயில் 36 வாட் என்று போட்டிருக்கிறது. சிமிட்டலைக் கணக்குப் போட்டால் 49 வாட் வருகிறது. மிச்சத்தை இழுப்பது பட்டிக்குள் இருக்கும் பழைய இரும்பு சோக். ஆனால் டியூப் தரும் வெளிச்சம் 2,400 லூமனுக்கு மேல். அதைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு 9 வாட் பல்பை மாட்டினால் ஹால் மங்கிப்போகும். அந்த இடத்துக்குச் சரியானது சுமார் 2,000 லூமன் தரும் 20 வாட் எல்.இ.டி. டியூப்.

சி.எஃப்.எல். இருந்தால் எரியும்வரை எரியட்டும். புதிதாக வாங்க வேண்டாம். முழு வெளிச்சத்துக்கு வரச் சற்று நேரம் எடுக்கும், உள்ளே பாதரசமும் இருக்கிறது. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துண்டுகளை வெறுங்கையால் தொடாமல் எடுங்கள்.

எல்.இ.டி.யிலும் குறை உண்டு. குளியலறையில் மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் நான் மாட்டியது ஓராண்டுகூட வரவில்லை. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளிருக்கும் டிரைவர் சீக்கிரம் பழுதாகும். காற்றோட்டமான ஹோல்டரில் மாட்டினால்தான் அட்டையில் சொல்லும் ஆயுளை எதிர்பார்க்கலாம்.

இனி கடையில் வாட்டை மட்டும் கேட்காதீர்கள். அட்டைப்பெட்டியைத் திருப்பி, லூமனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். எல்.இ.டி. பல்பில் 100-க்குக் குறைந்தால், வேறு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.