கீழ் வானத்து நங்கை

விண்ணகம் எங்கே? மேலே என்று விரல் நீட்டுவர் பக்தர். எவ்வளவு மேலே? எத்தனை அடுக்கு? யாருக்கு எந்த அடுக்கு? தயங்காது விடை தந்தவர் ஒருவர் உண்டு: இத்தாலி நாட்டுப் பெருங்கவிஞர் தாந்தே (1265–1321). ‘டிவைன் காமெடி’ எனும் அவரது காவியத்தின் மூன்றாம் பகுதி, இடைக்காலக் கிறித்துவம் கண்ட வானுலகத்திற்கு 33 படலங்களில் தீட்டப்பட்ட வரைபடம்!

நடுவிலே நிலவுலகம், நகராமல். சுற்றிலும் ஒன்பது வட்டங்கள்: திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி, அப்பால் விண்மீன் மண்டலம், அதற்கும் அப்பால் அனைத்தையும் சுழற்றும் ஒன்பதாம் வானம். எல்லாவற்றையும் கடந்தால் ஒளிவெள்ளம். அதுவே இறைவன் உறைவிடம். அந்நாளைய வானநூலையும் மறைநூலையும் குழைத்துக் கட்டிய மாளிகை! 1543இல் கோப்பர்நிக்கசின் நூல் வந்தது. நிலவுலகம் நகரத் தொடங்கியது. 1609இல் கலிலியோ தொலைநோக்கியைத் திருப்பினார். திங்களில் மலைகள் தெரிந்தன, புனிதர் எவரும் தென்படவில்லை.

வானநூல் பழையது என்று கவிஞரைக் குறை கூறுவது பேதைமை. என் வழக்கு வேறு. திங்கள் மண்டலத்தில் நிற்கிறாளே ஒரு நங்கை, அவள் பொருட்டு.

பிக்கார்தா அவள் பெயர். ஃபிளாரன்சு நகரத்துப் பெருங்குடியிற் பிறந்தவள். துறவு பூண்டு கன்னியர் மடம் புகுந்தாள். உடன்பிறந்தான் கோர்சோ விட்டானா? அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு மணவுறவு. மடத்திலிருந்து அவளை வலிந்து இழுத்து வந்தனர்; மணம் முடித்தனர். இறந்தபின் அவளுக்குக் கிடைத்த இடம்? வானங்களிலெல்லாம் கீழான வானம். குற்றம்? நோன்பு முறிந்ததாம்! முறித்தவன் எவன்? கோர்சோவுக்கு நரகமே கதி என்று காவியத்தில் வேறோரிடத்தில் குறிக்கிறார் கவிஞர், உண்மை. அதனால் அவள் இடம் ஒரு படியேனும் உயர்ந்ததா?

மேலே செல்ல விருப்பம் இல்லையா என்று அவளைக் கேட்கிறார் தாந்தே. கிடைத்ததில் நிறைவு கொண்டோம் என்னும் கருத்துப்படப் புன்னகையோடு மொழிகிறாள். கற்றோர் உருகும் கட்டம். முதல்முறை படித்தபோது நானும் உருகினேன். மறுமுறை சினந்தேன். கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டவர் வாயாலேயே ‘நிறைவு’ என்று சொல்லவைப்பது, எந்நாட்டு ஆண்டைகளும் அறிந்த கலையன்றோ?

தாந்தேயின் நெஞ்சையும் இது உறுத்தியிருக்கிறது. பிறர் செய்த வன்முறைக்கு இவள் தகுதி குறைவதேன் என்ற ஐயம் அடுத்த படலத்திலேயே எழுகிறது. பியாட்ரிஸ் விடை பகர்கிறாள்: எல்லா உயிர்களும் உண்மையில் உறைவது அந்த ஒளிவெள்ளத்திலேதான், வட்டங்கள் உன் அறிவுக்கு எட்டும்படி காட்டிய காட்சி. கரும்பலகையில் நாங்கள் வரையும் படம் போல! ஆக, இடம் கரைந்தது. ஏற்றத்தாழ்வு கரைந்ததா? இல்லை. வாய்ப்புக் கிடைத்தபோது அவள் மடம் திரும்பியிருக்க வேண்டுமாம். இரும்புச் சட்டத்தில் எரிந்த லாரன்சுபோல் உறுதி வேண்டுமாம். எரிந்து சாகாதது ஒரு பெண்ணின் குறை!

அதே ஃபிளாரன்சில் 1439இல் கூடிய திருச்சபைப் பேரவை, அவரவர் தகுதிக்கேற்ப இறைக்காட்சியில் நிறைவு வேறுபடும் என்று அறிவித்தது. 1999இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், விண்ணகம் மேகங்களுக்கிடையே உள்ள இடமன்று, இறைவனோடு கொள்ளும் உயிருள்ள உறவு என்று விளக்கினார். நல்ல விளக்கம், வரவேற்கிறேன். தகுதிப் படிகள் மட்டும் கைவிடப்படவில்லை. குவளையும் நிறைகிறது, குடமும் நிறைகிறது, குறை எவர்க்கும் இல்லை என்பர் சமயவாணர். பிக்கார்தாவின் குடத்தைக் குவளையாக்கியது உடன்பிறந்தானின் கையன்றோ?