படிகாரம் ஏற்றிய நீலம்

திருப்பூரில் செக்கிங் மேசைக்கு வரும் பனியனுக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். விரித்து, புரட்டி, உள்பக்கம் திருப்புவதற்குள் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஷேடு மாற்றம் என எல்லாவற்றையும் கண் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுகிறது. குறை கண்ட இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர். பீஸ் அடுத்த கைக்குப் போய்விடும்.

சைட்டாலஜி எனப்படும் செல்லியல் ஆய்வகத்திலும் இதே வேலைதான். துணிக்குப் பதில் கண்ணாடி ஸ்லைடு, ஸ்டிக்கருக்குப் பதில் மைப்புள்ளி. கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த செல்களைத் தடவிய பேப் ஸ்மியர் அது. முறையாகப் படித்துச் சொல்ல, அதில் குறைந்தது 8,000 செல்களாவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. அத்தனைக்கும் நடுவில் கெட்டது பத்துப் பன்னிரண்டாக இருக்கலாம். டெக்னீஷியன் ஸ்லைடை மேலும் கீழுமாக, ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசையில் கொஞ்சம் ஏறும்படி, ஒரு மூலையும் விடாமல் நகர்த்துகிறார். சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தேடித்தான் நோயியல் மருத்துவரின் கண் போகும்.

இந்தக் கலையின் முதல் அழகு நிறம். சாயமிடாத செல் ஏறக்குறைய கண்ணாடி மாதிரி, ஒன்றும் தெரியாது. அதற்கு நிறம் தரும் ஹெமடாக்சிலின், மெக்சிகோவின் காம்பெச்சே பக்கத்து மரமொன்றின் கட்டையிலிருந்து வருவது. ஐரோப்பியச் சாயக்காரர்கள் பல நூற்றாண்டுகள் துணிக்குக் கறுப்பும் ஊதாவும் ஏற்றிய அதே கட்டைதான். தனியாக விட்டால் அது செல்லில் பிடிக்காது. படிகாரம் சேர்த்தால்தான் உட்கருவைப் பற்றும். முதலில் செவ்வூதாவாக இருப்பது, லேசான காரத் தண்ணீரில் அலசியதும் நீலத்துக்குத் திரும்பும். உப்பும் சோடாவும் போட்டுப் பருத்தியில் சாயத்தை நிலைநிறுத்தும் திருப்பூர் டையிங் மாஸ்டருக்கு இந்த அலசலின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நீலத்துக்குப் பிறகு ஆரஞ்சு, அதற்குப் பிறகு இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த சாயம். முற்றிய மேலடுக்குச் செல்கள் ரோஜா நிற இதழ்களாக விரிகின்றன. நடு அடுக்குச் செல்கள் நீலப்பச்சையில், ஓரம் மடிந்த மெல்லிய துணித்துண்டுகள் போலக் கிடக்கின்றன. ஆனால் தடவிய கையோடு, ஈரம் காய்வதற்குள் ஸ்லைடை ஆல்கஹாலில் முக்கியிருக்க வேண்டும். காற்றில் காய விட்டால் உட்கரு ஊதிப்போய் நிறம் மங்கிவிடும். பிறகு எந்த நிபுணர் பார்த்தும் பயனில்லை.

இந்தச் சாய வரிசையை வகுத்தவர் ஜார்ஜ் பாபனிகோலாவ். கிரேக்கத்தில் 1883இல் பிறந்த மருத்துவர். நியூயார்க்கில் இறங்கிய புதிதில் கிம்பெல்ஸ் கடையில் கம்பளம் விற்றார். மனைவி மேரி அங்கேயே பட்டன் தைத்தார். திருப்பூர்ப் பேச்சில் சொன்னால் காஜாபட்டன் பிரிவு. பின்னாளில் கணவரின் ஆய்வுக்கு ஆண்டுக்கணக்கில் தன் ஸ்மியரையே கொடுத்தவரும் அவர்தான். இந்த வழியில் புற்றுநோயைக் காணலாம் என்று பாபனிகோலாவ் 1928இல் சொன்னபோது பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து 1943இல் புத்தகம் போட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

தேர்ந்த கண் ரசிக்கும் செல் ஒன்று உண்டு: கோய்லோசைட். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வித்திடும் எச்பிவி வைரஸ் புகுந்த செல். உட்கரு கறுத்து, உலர்திராட்சை போலச் சுருங்கியிருக்கும். அதைச் சுற்றி யாரோ கத்தரித்து எடுத்தது போல ஒரு வெற்று வளையம், வளையத்தைச் சுற்றிக் கெட்டியான கரை. ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. இது இன்னும் புற்றுநோய் அல்ல. உட்கரு பெருத்து, சுற்றியுள்ள சைட்டோபிளாசம் ஒடுங்கி, விளிம்பு கோணலாகும்போதுதான் டெக்னீஷியனின் கை மைப்பேனாவைத் தேடுகிறது.

இத்தனை நுட்பத்துக்கு ஆய்வகமும் ஆளும் வேண்டும். ஊர் ஊராக அதற்கு எங்கே போவது? பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும் புற்றுநோய் ஆய்வாளர் சங்கரநாராயணன் தலைமையிலான பன்னாட்டுக் குழுவும் 2000இல் ஓர் ஆய்வைத் தொடங்கின. பயிற்சி பெற்ற செவிலியர்கள், 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் 4 சதவீத அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து வெறுங்கண்ணால் பார்த்தார்கள். சாயப்பட்டறையில் துணியின் காரத்தை முறிக்கும் அதே ஆசிட். உட்கருக்கள் நெருக்கியடித்த இடம் இதில் வெளுத்துக் காட்டும். ‘லான்செட்’ இதழில் 2007இல் வந்த முடிவு: இந்தப் பரிசோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

இப்போது முதல் சோதனையாக எச்பிவி டிஎன்ஏ பரிசோதனையையே 2021 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதைச் செய்வது இயந்திரம். ஆனால் வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த பெண்களில் யாருக்கு மேற்கொண்டு சோதனை தேவை என்று பிரிக்க, பல இடங்களில் ஸ்மியர்தான் கைகொடுக்கிறது. அம்பிளிக்கையில் வெளுத்துத் தெரிந்த இடங்களிலிருந்து கிள்ளியெடுத்த துணுக்குகளும் கடைசியில் நோயியல் ஆய்வகத்துக்குத்தான் போயின. அங்கே அவற்றுக்காகக் காத்திருந்த முதல் சாயம், படிகாரம் ஏற்றிய அதே நீலம்.