யாருக்கு இந்தப் பெட்டி?

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில், பழைய மிக்சி மூடிகளுக்கு நடுவே வயர் அறுந்த டிவி கேம் ஒன்று எப்போதாவது கண்ணில் படும். பொழிச்சலூரில் நாங்கள் ஆடியது அதைத்தான். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளை அடம்பிடிப்பான், அப்பா பேரம் பேசுவார், சீரியல் நேரத்தில் டிவி அம்மா கைக்குப் போய்விடும். கீபோர்டு வைத்த நகலும் உண்டு. 'கம்ப்யூட்டர் பழகலாம்' என்ற சாக்கு அப்பாவுக்காகவே செய்தது! விளம்பரமில்லாத அந்தப் பெட்டிக்கு, கேட்பவர் யார், காசு கொடுப்பவர் யார் என்பது துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஸீபோவுக்கு அது தெரியவில்லை. குவால்காமும் பிரேசிலின் டெக்டாயும் கூட்டுச் சேர்ந்து செய்த கன்சோல். 2009இல் பிரேசிலிலும் மெக்சிகோவிலும் வந்தது, அடுத்து இந்தியா, சீனா என்று திட்டம். டிஸ்க் கிடையாது, செல்போன் நெட்வொர்க்கில் கேமை இறக்கிக்கொள்ளலாம், திருட்டு நகலுக்கு இடமில்லை. யோசனை அருமைதான். 2011இல் கடையைக் கட்டினார்கள். இந்தியாவை எட்டவே இல்லை.

விலையும் திருட்டு டிஸ்க்கும்தான் கொன்றன என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. சிப் மாற்றிய பிளேஸ்டேஷன் 2 பக்கத்துக் கடையில் இருக்கும்போது இதை ஏன் வாங்க வேண்டும்? ஆனால் இந்தக் கேள்விக்கு ஸீபோவிடம் பதில் இல்லாததுதான் நோய். 'வளரும் நாடுகளின் நடுத்தர வர்க்கம்' என்பது கணக்கெடுப்புக்காரரின் சொல். அந்தப் பெயரில் யாரும் கடைக்கு வருவதில்லை. கேம் பைத்தியங்களுக்கு, செல்போன் சிப்பில் ஓடிய அதன் கிராஃபிக்ஸ் சப்பென்றிருந்தது. கேமே ஆடாத வீட்டுக்கோ அது தேவைப்படவில்லை.

திருட்டு நகல்தான் காரணம் என்றால் வீ யூவை எப்படி விளக்குவது? பத்துக் கோடிக்கு மேல் விற்ற வீயின் வாரிசு, நின்டெண்டோவின் சொந்தப் பிள்ளை. 2012இல் வந்தபோது, அது புதுக் கன்சோலா, பழைய வீக்கு ஒரு துணைக்கருவியா என்று பெற்றோர் குழம்பினார்கள். பழைய வீயில் டென்னிஸ் ஆடிய குடும்பத்துக்கா, தீவிர ஆட்டக்காரருக்கா? இருவரையும் கூப்பிட்டது; இருவரும் முழுதாக வரவில்லை. விற்றது சுமார் 1.35 கோடி. ஸீபோவின் விலையை மன்னிக்கலாம், சிப்பையும் மன்னிக்கலாம். பிள்ளையையும் அப்பாவையும் பார்க்காமல் உலக வரைபடத்தைப் பார்த்ததை மன்னிக்க முடியவில்லை.