வானலையில் ஒரு பொதுமொழி

உலகுக்கு ஒரு பொதுமொழி வேண்டுமா என்னும் வினாவைப் பலரும் கொள்கை அளவிலேயே விவாதிக்கின்றனர். ஆனால் அதை உயிர்ப்பொறுப்போடு சோதித்துப் பார்த்த துறை ஒன்று உண்டு, அது வான்போக்குவரத்து. பன்னாட்டு விமான நிலையங்களின் கட்டுப்பாட்டு அறையினர் தம் நாட்டு மொழியில் பேசலாம் என்றாலும், விமானி கேட்டால் ஆங்கிலத்தில் பேசியே ஆகவேண்டும் என்பது அங்குள்ள விதி.

இந்த ஏற்பாடு எண்ணற்ற பயணங்களைக் காத்துவருகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் 1977 மார்ச் 27 அன்று தெனெரீப் தீவில், மூடுபனிக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தபோது, டச்சு விமானியும் ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தனர். புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்னும் பொருளில் விமானத்திலிருந்து வந்த தொடரை, புறப்படும் இடத்தில் காத்திருப்பதாகக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். அதன் பின்னர், 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதோ அதை நீக்கும்போதோ மட்டுமே வழங்கவேண்டும் என வரையறுக்கப்பட்டது. 1996இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டதற்கு, கசகஸ்தான் விமானக் குழுவினரின் குறைந்த ஆங்கில அறிவும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு 2003இல் மொழித்திறனை ஆறு படிகளாகப் பகுத்து, நான்காம் படியையேனும் எட்டவேண்டும் என்று விதித்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் பிறருக்கு விளங்கும் உச்சரிப்பில், வரையறுத்த சொற்றொடர்களில் பேசக் கடமைப்பட்டவர்களே. இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த கூறு இதுவே.

வணிகத்திலும் ஆய்வுலகிலும் இக்கடமை இல்லை. அங்கே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் எந்த உழைப்புமின்றி முன்னே நிற்க, மற்றவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டும் தயங்கிப் பேசுகிறார். இத்தகைய அநீதிக்கு இடமில்லாத, எந்த இனத்துக்கும் உரியதல்லாத நடுநிலைப் பொதுமொழியாகவே, சாமன்ஹாஃப் என்னும் கண் மருத்துவர் 1887இல் வார்சாவில் எஸ்பெராந்தோ என்னும் செயற்கை மொழியை, அதாவது திட்டமிட்டு ஆக்கப்பட்ட மொழியை, வெளியிட்டார். பெயர்ச்சொற்கள் எல்லாம் ஓகாரத்தில் முடியும். வினைகள் ஒழுங்கு மாறா. வேரோடு ஒட்டுகளைச் சேர்க்கும் அதன் அமைப்பு தமிழருக்கு அந்நியமானதன்று. ஆனால் வேர்களோ பெரும்பாலும் ஐரோப்பியவை. இத்தாலியர் பாதி தெரிந்ததாக உணரும் சொற்களை ஆசியர் முதலிலிருந்து கற்கவேண்டியிருப்பதால், அதன் நடுநிலையும் முழுமையானதன்று. எந்த அரசும் அதைத் தன் ஆட்சிமொழியாக ஏற்காதது அதன் இன்னொரு பலவீனம்.

எனவே பொதுமொழி தேவை. ஆனால் எல்லை வகுத்த பணிகளுக்கு, எல்லாரும் சமமாகக் கற்கவேண்டிய இரண்டாம் மொழியாக மட்டுமே அது தேவை. குழந்தையின் வகுப்பறையையும் எளியவர் முறையிடும் நீதிமன்றத்தையும் அதன் வசம் ஒப்படைக்கும் அரசு, தன் மக்களுக்கே தீங்கிழைக்கிறது.