கெல்பார்ட்டின் நகைத்திறன்

சிக்காகோவிற் பிறந்த லாரி கெல்பார்ட் (1928–2009) பள்ளிப்பருவத்திலேயே வானொலிக்கு நகைச்சுவை எழுதத் தொடங்கியவர். கொரியப் போர்க்கள மருத்துவமனையைக் களனாகக் கொண்ட ‘மேஷ்’ என்னும் கதையை 1972இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராக அமைத்தவரும் இவரே. நிலையத்தார் அதன்கண் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்த்தனர். இவர் அதனை விரும்பிலர். அறுவை அரங்கக் காட்சிகளுக்கு மட்டும் அவ்வொலி விலக்கப்பட்டது. அக்காட்சிகளையே இவர்தம் ஆற்றலுக்கு உரைகல்லாக யாம் கொள்கின்றோம். குருதி தோய்ந்த கையராய் மருத்துவர் பேசும் எள்ளல்மொழி கேட்போர்க்கு நகையாயினும் சொல்வோர்க்கு அழுகையே. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டுள் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இவரை வெறுந் துணுக்கெழுத்தாளர் என்பாரும் உளர். சிரிப்பொலி நிறைந்த பகுதிகளை மட்டும் நோக்கின் அக்கூற்றை மறுத்தல் அரிது. ஆயின், 1976இல் இவர் எழுதி இயக்கிய, செய்தியாளர் நேர்காணலாய் அமைந்த கருப்புவெள்ளைப் பகுதியில் அவ்வொலி அறவே இல்லை. நகை குறைந்ததும் இல்லை.