நடுப்பகுதி மட்டும் கற்கும் கட்டடக்கலை

கோரிப்பாளையம் சந்திப்பைச் சுற்றி ஒரு நடை தூரத்துக்குள் மதுரையின் கட்டட வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. தர்காவின் கல் குவிமாடம், அமெரிக்கன் கல்லூரியின் செங்கல் வளைவுகள், ஒருகாலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று அழைக்கப்பட்டு இன்று அரசு இராசாசி மருத்துவமனையாகப் பரந்து நிற்கும் வளாகம், அதற்குள் ஜப்பானின் ஜைகா நிதியுதவியோடு எழுந்த அறுவை அரங்குகளின் பன்மாடிக் கட்டடம். இவற்றுள் மருத்துவமனையைப் போல் சிக்கலானது வேறில்லை. மருத்துவர், செவிலியர், நோயாளி, உடன் வந்தவர், பிணவறை ஊழியர், ஆக்சிஜன் குழாய், மருத்துவக் கழிவு, தீயணைப்பு வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதைகள் ஒன்றையொன்று கெடுக்கக் கூடாது. ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பின் மேல் வகுப்புகளில் இப்படியொரு பெரிய கட்டடத்தை வடிவமைக்கச் சொல்வது வழக்கம். ஸ்டுடியோ என்று அழைக்கப்படும் வடிவமைப்பு வகுப்பு, வாரந்தோறும் திருத்தம், பருவ இறுதியில் ஜூரி எனப்படும் மதிப்பீட்டு அமர்வு என்ற இந்தப் பயிற்சி முறை, உண்மையான ஒரு பெருந்திட்டத்தைத் தொடக்கம் முதல் ஆவணம் வரை நடத்திச் செல்ல எந்த அளவுக்கு ஒருவரைத் தயார் செய்கிறது? நடுப்பகுதியை அது மிக நன்றாகவே கற்றுத்தருகிறது. தேவையை எழுதும் தலையையும், கட்டுவதற்கான ஆவணம் தயாரிக்கும் வாலையும் கற்றுத்தருவதில்லை. தலையும் வாலும் தனித்தனிக் குறைகள் அல்ல, ஒரே கைத்திறனின் இரண்டு முனைகள் என்பதுதான் என் வாதம்.

நடுப்பகுதியின் சிறப்பை முதலில் சொல்லியாக வேண்டும். டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க அறிஞர் 1983-இல் வெளியிட்ட நூலில், தொழில் வல்லுநர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதற்கு முதன்மை எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் கட்டடக்கலை ஸ்டுடியோவையே எடுத்துக்கொண்டார். ஒரு கோடு போடுகிறோம். அந்தக் கோடு ஏதோ ஒன்றைத் திருப்பிச் சொல்கிறது. அதைக் கேட்டு அடுத்த கோட்டைப் போடுகிறோம். சட்டம் படிப்பவருக்கும் மருத்துவம் படிப்பவருக்கும்கூட இந்தப் பயிற்சி தேவை என்று அவர் கருதினார். அவர் கருதியது சரியே. படிக்கட்டை நகர்த்தினால் கழிப்பறை நகர்கிறது, கழிப்பறை நகர்ந்தால் குழாய் செல்லும் தண்டு நகர்கிறது, தண்டு நகர்ந்தால் கீழ்த்தளத்தில் ஒரு தூண் குறுக்கே நிற்கிறது. இந்தச் சங்கிலியை மனத்தில் ஒருசேரப் பிடித்து வைத்திருக்கும் பழக்கத்தை எந்தப் பாடநூலும் தராது. தன் வேலையைப் பத்துப் பேர் முன்னால் சுவரில் ஒட்டி, குறை கேட்டு, மறுநாள் கிழித்துப்போட்டுத் திரும்ப வரையும் துணிவும் ஸ்டுடியோ தருவதுதான். பொறியியல் வகுப்பறையில் இது அரிது. ஆகவே இந்த முறையை ஒழிக்க வேண்டும் என்பது என் வாதமல்ல.

தலைப் பக்கக் குறை, மாணவர் கைக்கு முதல் நாள் வந்துசேரும் தாளில் இருக்கிறது. பிரீஃப் என்று அழைக்கப்படும் தேவையறிக்கை அது. இத்தனை படுக்கை, இத்தனை சதுர அடி, இந்த மனை என்று முழுமையாகத் தட்டச்சு செய்யப்பட்டு ஆசிரியர் கையிலிருந்து வருகிறது. இந்த வழக்கத்தின் மூலம் பழைய பாரிஸ். அங்கே எக்கோல் தெ பொசார் பள்ளியில் போட்டிக்கான தேவையைப் பேராசிரியர் எழுதித் தருவார். மாணவர் தனிச் சிற்றறையில் அடைபட்டு சில மணி நேரத்தில் ஒரு முதல் ஓவியம் வரைந்து ஒப்படைப்பார். அதன்பின் வாரக்கணக்கில் வளர்க்கும் வடிவமைப்பு அந்த ஓவியத்திலிருந்து விலகினால் போட்டியிலிருந்தே நீக்கம். கேள்வி எங்கிருந்தோ வரும், பதில் சொல்வது மட்டுமே உன் வேலை என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது. பள்ளிகள் மாறின, பாணிகள் மாறின, அந்த எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை. உண்மையில் கேள்வி எப்போது முழுமையாக வந்தது? மதுரையிலேயே பார்க்கலாம். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 1,264 கோடி ரூபாய். 2019 ஜனவரி 27-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜைகாவுடன் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில்தான் கையெழுத்தானது. இடையில் பெருந்தொற்று வந்தது, 150 படுக்கைகள் கொண்ட தொற்றுநோய்ப் பிரிவு சேர்ந்து, 750 படுக்கை மருத்துவமனை 900 படுக்கையானது, மதிப்பீடு 1,977.8 கோடிக்கு உயர்ந்தது. கட்டடம் எழும் முன்பே 2022-இல் முதல் மாணவர்கள் இராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தத் தாமதத்துக்கு அரசியல் காரணம், நிதிக் காரணம் என்று பல உண்டு. வடிவமைப்பாளரால் அவற்றைத் தீர்த்திருக்க முடியாது. ஆனால் தொற்றுநோய்ப் பிரிவு என்ற ஒற்றை வரி தேவையறிக்கையில் புதிதாகச் சேரும்போது எந்தெந்த முடிவுகள் குலையும், எவை நிலைக்கும் என்பதைச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவரே. அதற்கான பயிற்சி ஸ்டுடியோவில் இல்லை. அங்கே பருவத்தின் பாதியில் ஆசிரியர் தேவையை மாற்றினால் அது அநியாயம் என்று மாணவர்கள் முறையிடுவார்கள்; முறைப்படி அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

மனையும் இப்படித்தான். புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இடம் தேர்வானபோது, அங்கே பொறியாளர் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு இருந்தது என்ற வாதம் எழுந்தது, அரசு மறுத்தது. 2022 ஜனவரியில் அடிக்கல், 2023 ஜூலை 15-இல் திறப்பு என்று ஒன்றரை ஆண்டில் எழுந்த அந்தக் கட்டடத்தின் வேகத்தைப் பாராட்டும்போது, ஒரு மனையின் பழைய ஆவணங்களைத் தேடிப் படிப்பதும் வடிவமைப்பின் முதல் வேலை என்பதை அந்தச் சர்ச்சை நினைவூட்டுகிறது. மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. பந்தல்குடி கால்வாய் பெருகினால் செல்லூர் தெருக்கள் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபர் மழை காட்டியது. அந்தக் கால்வாய் ஓரம் கட்டடம் கேட்பவர் தரைக்குக் கீழே வாகன நிறுத்தம் வேண்டும் என்று எழுதித் தந்தால், அதை அப்படியே வரைவது வடிவமைப்பு ஆகாது. கேட்பவரிடமே திரும்பிப் போய்க் கேள்வியைத் திருத்தி வாங்கி வர வேண்டும். அந்தத் திருத்தத்தை எழுத்தில் வாங்கிவைக்கவும் வேண்டும்.

வால் பக்கம் வருவோம். அங்கே ஒரு கதவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தேவையறிக்கையில் ‘நோயாளி கட்டிலோடு அறுவை அரங்குக்குள் செல்ல வேண்டும்’ என்று ஒரு வரி. மாணவர் பிளானில் நான்கடித் திறப்பு விட்டு இரட்டைக் கதவு போடுகிறார். ஜூரியில் யாரும் அதைக் கேட்பதில்லை, நான்கடி தாராளமாகத்தான் தெரிகிறது. இனி அந்தக் கோடு சைட்டுக்குப் போகிறது. நான்கடி என்பது செங்கல் திறப்பா, நிலை வைத்தபின் கிடைக்கும் வழியா? படத்தில் சொல்லவில்லை என்றால் கொத்தனார் செங்கல் திறப்பாகவே எடுத்துக்கொள்வார். அது அவர் தவறல்ல, அவர் தொழிலின் வழக்கம். 48 அங்குலத்தில் இருபுறமும் மும்மூன்று அங்குல நிலை போனால் 42. இரண்டு கதவும் திறந்து நிற்கையில் ஒவ்வொன்றின் கனமும் ஒன்றரை அங்குலம் எடுத்தால் மிச்சம் 39. மருத்துவமனைக் கட்டிலே ஏறக்குறைய மூன்றடி அகலம். பக்கக் கம்பி, சலைன் தண்டு, தள்ளுபவரின் விரல் முட்டி என்று சேர்ந்தால் 39 போதாது. கட்டில் நிலையில் இடிக்கும். கட்டடம் இருக்கும் வரை, ஒவ்வொரு நாளும் இடிக்கும். இதைத் தடுக்கப் பெரிய மேதைமை வேண்டாம். பிளானில் அந்தக் கதவுக்கு ஓர் எண். கதவுப் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ‘தடையற்ற வழி இத்தனை அங்குலம்’ என்ற சொல். நிலையின் குறுக்குவெட்டுப் படம். டெண்டர் அட்டவணையில் அதே கதவு, அதே எண், அதே அளவு. நான்கு இடமும் ஒன்றுபோல் பேச வேண்டும். ஒன்றில் திருத்தினால் நான்கிலும் திருத்த வேண்டும். திருத்திய தேதியும் திருத்த எண்ணும் படத்தின் மூலையில் இருக்க வேண்டும். ஒர்க்கிங் டிராயிங் எனப்படும் கட்டுமான வரைபடப் பாடம் படிப்பில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஒரு சிறு வீட்டுக்கு, வடிவமைப்பு வகுப்போடு தொடர்பில்லாமல், தனி ஆசிரியரிடம், தனி மதிப்பெண்ணுக்கு. மாணவர் தான் வடிவமைத்த மருத்துவமனையின் கதவை அங்கே ஒருநாளும் சந்திப்பதில்லை.

அந்தக் கதவைத் திரும்ப ஒருமுறை பார்த்தால் தலையும் வாலும் ஏன் ஒன்று என்பது புரியும். தொடக்கத்தில் ஒரு செவிலியரின் அன்றாட அனுபவம் ஒரு வாக்கியமாகிறது. முடிவில் அந்த வாக்கியம் ஒரு கொத்தனார் பின்பற்றக்கூடிய அளவாகிறது. இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றே: ஒருவருக்குத் தெரிந்ததை, அவரை நேரில் பார்க்கவே போகாத இன்னொருவருக்குத் தவறில்லாமல் கொண்டுசேர்ப்பது. திட்ட மேலாண்மை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கால அட்டவணையும் செலவுக் கணக்கும். அவை விளைவுகள். ஒவ்வொரு முடிவும் யார் எடுத்தது, எப்போது, எதற்காக, எந்தப் படத்தில் இருக்கிறது என்ற தடம் அறுந்துபோகாமல் காப்பதுதான் அடிப்படை. சிட்னி ஓபரா ஹவுஸின் கதை இதற்கு உலகறிந்த சாட்சி. 1957-இல் அதன் வடிவமைப்புப் போட்டியில் கட்டடக்கலைஞர் ஊட்ஸன் வென்றார். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே 1959-இல் கட்டுமானம் தொடங்கிவிட்டது. பெரிய அரங்கின் பயன்பாடே பிற்பாடு மாற்றப்பட்டது. 1966-இல் ஊட்ஸன் விலகினார். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்து 1973-இல் திறந்தது. அந்தக் கட்டடத்தின் அழகு இதனால் குறையவில்லை. அப்படியொரு கற்பனையைக் காப்பாற்றும் பொறுப்பு எத்தனை பெரியது என்பதைத்தான் அந்தக் கணக்கு காட்டுகிறது.

இதையெல்லாம் அலுவலகத்தில் கற்றுக்கொள்ளட்டும், கல்லூரி சிந்தனைக்கான இடம் என்பது வலுவான மறுப்பு. படிப்பில் ஒரு பருவம் அலுவலகப் பயிற்சி என்பது ஏற்கெனவே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு பருவம் என்பது சில மாதம். ஒரு மருத்துவமனைத் திட்டம் பல ஆண்டு. பயிற்சிக்கு வந்தவர் யாரோ எடுத்த முடிவை ஏதோவொரு கட்டத்தில் வரைந்து கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். கழிப்பறை ஓடு ஒட்டும் படத்தை மட்டும் வரைந்தவருக்கு அந்தக் கழிப்பறை ஏன் அங்கே வந்தது என்று தெரிய வாய்ப்பில்லை. அலுவலகம் துண்டுகளைக் கற்றுத்தரும். துண்டுகளைக் கோக்கும் நூலை யாராவது முன்கூட்டியே காட்டியிருந்தால்தான் அந்தத் துண்டுகள் அனுபவமாகும். இன்னொரு மறுப்பு நம் மண்ணிலிருந்தே வருகிறது: கோபுரம் எழுப்பிய ஸ்தபதிகள் எந்தக் கதவுப் பட்டியல் எழுதினார்கள்? அவர்களிடம் பொதுவான அளவு முறை இருந்தது, தலைமுறை கடந்த சொற்கள் இருந்தன, வரைபவரும் செதுக்குபவரும் ஒரே களத்தில் நின்றார்கள். அந்த மரபே அவர்களுடைய ஆவணம். இன்று வரைபவர் ஓர் ஊரில், கம்பி கட்டுபவர் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர், குளிர்சாதனப் பொறியாளர் மூன்றாவது ஊரில். மரபு இணைத்ததை இப்போது தாள்தான் இணைக்க வேண்டும். கணினி மென்பொருள் எல்லாவற்றையும் தானே இணைத்துவிடும் என்பவர்களுக்கும் இதையொட்டியே பதில் சொல்லலாம். முப்பரிமாண மாதிரியில் கதவை மாற்றினால் பட்டியலும் மாறும், உண்மை, பெரிய உதவி. 39 அங்குலம் போதாது என்று அது தானாகச் சொல்லாது. அந்த அறிவு செவிலியரிடம் இருக்கிறது, அவரிடம் யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும்.

கற்பனை நசுங்கிவிடும் என்ற அச்சத்தை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். பட்டியல்களும் படிவங்களும் வகுப்பறையை ஆக்கிரமித்தால், இருபது வயது மாணவர் அரசு அலுவலகக் கோப்பைப் போல யோசிக்கத் தொடங்குவார். பிரிட்டனில் 1963 முதல் வழக்கில் இருக்கும் கட்டடப் பணிக் கட்டங்களின் வரைவை அப்படியே பாடத்திட்டத்தில் ஒட்டிவிடுவதால் அந்த ஆபத்துத்தான் கூடும். ஆகவே கூடுதல் பாடம் எதுவும் நான் கேட்கவில்லை. இருக்கும் ஸ்டுடியோவிலேயே இரண்டு மாற்றம் போதும். பெரிய கட்டடம் வடிவமைக்கும் பருவத்தில் தேவையறிக்கை அச்சிட்டு வரக் கூடாது. கோரிப்பாளையம் மருத்துவமனை ஒரு பேருந்துப் பயணம்தான், மாணவர்கள் போய்ப் புறநோயாளிப் பிரிவின் வரிசையில் ஒருநாள் நின்று, ஊழியர்களைக் கேட்டு, தாங்களே எழுதி வரட்டும். பாதியில் அதை மாற்றவும் ஆசிரியருக்கு உரிமை இருக்கட்டும். மாறியதால் எந்த முடிவுகள் விழுந்தன என்று மாணவர் எழுதித் தரட்டும். பருவ முடிவில் முழுக் கட்டடத்துக்கும் ஆவணம் கேட்கத் தேவையில்லை, ஒரே ஓர் அறைக்குக் கேட்டால் போதும். ஆனால் கட்டக்கூடிய அளவுக்கு, கதவும் குழாயும் மின் இணைப்பும் டெண்டர் வரியும் எல்லாம் சேர்த்து.

அந்த அறைக்கான ஜூரியில் மாணவர் வாய் திறக்கக் கூடாது. இன்றைய ஜூரியில் பேச்சு படத்தின் ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. சைட்டில் படத்தோடு கூடவே நின்று விளக்கம் சொல்ல யாரும் போவதில்லை. படங்கள் மட்டும் மேசைமேல் இருக்கட்டும். ஒரு பக்கம் அறுவை அரங்கில் வேலை பார்க்கும் செவிலியர், இன்னொரு பக்கம் அரசுக் கட்டடம் கட்டிப் பழகிய ஒரு மேஸ்திரி. செவிலியர் தன் கட்டில் எந்த வழியாகப் போகும் என்று படத்தில் விரலால் தேடுவார். மேஸ்திரி திறப்பை எங்கிருந்து அளப்பது என்று பார்ப்பார். புரியாத இடத்தில் இருவரும் கேள்வியை எழுதிவைக்கட்டும். அந்தக் கேள்விகளின் தாள்தான் மாணவருக்கான மதிப்பீடு.