பட்டில் புகுந்த வில்வீரர்

வீரனை நிலைபெறச் செய்யத் தமிழர் கல்லை நாடினர். 2006ஆம் ஆண்டு புலிமான்கோம்பையில் கண்டறியப்பெற்ற நடுகற்கள், மாண்டவன் இன்னான் என்பதைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் இன்றும் உரைக்கின்றன. பாரசீக வீரனோ பட்டிலும் இடம்பெற்றான். கல்லில் பெயர் நின்றது. பட்டில் நின்றது யாது?

பாரசீகச் சசானியர் பாணியைத் தழுவிச் சீனத்தில் கி.பி. 7ஆம் நூற்றாண்டளவில் நெய்யப்பெற்ற பட்டொன்று, ஜப்பானில் ஹோரியூஜி ஆலயத்தில் காக்கப்பட்டு வருகிறது. முத்துவடம் சூழ்ந்த வட்டத்தின் நடுவே ஒரு மரம்; அதன் இருமருங்கும் சிறகுடைக் குதிரைகள்மேல் வீரர் நால்வர். பின்புறம் திரும்பி, பாயும் சிங்கங்கள்மீது வில் வளைக்கின்றனர். இடப்புறத்தான் செய்வதையே வலப்புறத்தானும் செய்கிறான். அவ்வட்டமே மீண்டும் மீண்டும் வருகிறது. எனவே, அம்பு பாய்வதில்லை, சிங்கம் வீழ்வதுமில்லை.

வீரம் வெறும் அணியாயிற்றே எனக் குறை கூறுவாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். இழையை எண்ணி எண்ணி நெய்யும் தறி, ஒருவனது வெற்றியைப் பாடாது, ஒழுங்கையே பாடும். சினம் அடங்கி அழகு எஞ்சுவது அக்கலையின் வெற்றியே.

அமீர்பேட்டில் வாழும் நமக்கு இம்மரபு அயலன்று. ஹைதராபாத்தின் ஹிம்ரூத் துணி பாரசீகக் கலையுறவு உடையது. பருத்திப் பாவில் பட்டு ஊடையால் பூவும் கொடியும் எழுகின்றன. வீரன் அதில் இல்லை. ஆயினும், அதே இணையொப்பும் அதே மீள்வரவும் உள்ளன. கோலத்தை முன்கூட்டியே நூல்களில் முடிந்து வைக்கும் 'ஜாலா' முறையில் ஒருவர் நூலை இழுக்க, மற்றவர் நெய்வார். காஞ்சிபுரத்தார் 'அடை' என வழங்கிய முறைக்கு இஃது உறவாகும்.

2021இல் மறைந்த திருமதி சுரையா ஹசன் போஸ், இந்நகரில் கைம்பெண்களுக்கு இந்நெசவைப் பயிற்றுவித்து, நலிந்த கலைக்கு உயிரூட்டினார். அவர் பெயரை நாம் அறிவோம். தறியில் அமர்ந்த பெண்களின் பெயரை அறிவோமா?

இங்கேதான் நடுகல் நமக்கு அறிவு கொளுத்துகிறது. பட்டில் வீரன் பெயர் இல்லாமை கலையின் பெருமை. நெய்தவர் பெயர் இல்லாமை நம் குறை. மணவீட்டுக்குப் பட்டெடுக்கும்போது விலையோடு நெய்தவர் பெயரையும் வினவுவோமாக.